ஹாடிஷ், டிஃபனி

டிஃபனி ஹாடிஷ் (பிறப்பு: 3 டிசம்பர் 1979) அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர், நடிகை, எழுத்தாளர். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். தந்தை எரித்திரியாவிலிருந்து வந்தவர். டிஃபனியின் சிறு வயதிலேயே அவர் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். கார் விபத்தொன்றில் தாய்க்கு மூளையில் பலத்த காயம் ஏற்பட்டதால், ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான டிஃபனி தம்பி தங்கைகளைக் கவனிக்கும் பொறுப்பைச் சிறுமியாக இருந்தபோதே ஏற்றார். பின்னர் பிள்ளைகள் அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளில் பாட்டி அவர்களை ஏற்று வளர்த்தார்.

டிஃபனியின் பதின்வயதில் சமூகப் பணியாளர் ஒருவர், மனநல ஆலோசனை அல்லது ‘லாஃப் ஃபேக்டரி’ அரங்கின் கோடைக்கால நகைச்சுவை முகாம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். டிஃபனி முகாமைத் தேர்ந்தெடுத்தார். அங்கே நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் போன்றோர் அவருக்கு வழிகாட்டினர். அதன் பின்னும் வாய்ப்புகள் உடனே வரவில்லை. சில காலம் காரிலேயே தங்கினார்.

‘கேர்ல்ஸ் டிரிப்’ (2017) திரைப்படம் அவரைப் பரவலாக அறியச் செய்தது. அதே ஆண்டு ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அதற்காக 2018இல் எம்மி விருது கிடைத்தது. ‘பிளாக் மிட்ஸ்வா’ நகைச்சுவைத் தொகுப்புக்காக 2021இல் கிராமி விருது பெற்றார்.

வளர்ப்பு வீடுகளுக்கு இடையே தன் துணிமணிகளைக் குப்பைப் பைகளில் சுமந்து சென்றவர் அவர். அவர் நிறுவிய ‘ஷி ரெடி’ அறக்கட்டளை இன்று அத்தகைய பிள்ளைகளுக்குப் பயணப் பெட்டிகள் வழங்குகிறது.