‘மிஸஸ்’ என்னும் பட்டம்

ஆங்கிலத்தில் மணமான பெண் ஒருவருக்குக் கடிதம் எழுதினால், உறையின்மேல் ‘மிஸஸ்’ என்று தொடங்கி, அவருடைய கணவரின் பெயரை எழுதுவதே மரியாதை என்று எங்கள் பள்ளிப் பருவத்தில் கற்றுத் தந்தார்கள். இது ஆங்கிலேயரின் மிகத் தொன்மையான மரபு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

‘மிஸஸ்’ என்பது ‘மிஸ்ட்ரஸ்’ என்ற சொல்லின் சுருக்கம். பிரெஞ்சு மொழி வழியே வந்த அச்சொல்லின் வேர், இலத்தீனில் ஆசான், தலைவன் எனப் பொருள்படும் ‘மஜிஸ்தேர்’. ‘மிஸ்டர்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததே. 1755ஆம் ஆண்டு சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் ‘மிஸ்ட்ரஸ்’ என்பதற்கு ஆளுகிறவள், ஒன்றில் தேர்ச்சி பெற்றவள், ஆசிரியை, காதலி, வைப்பாட்டி என்றெல்லாம் பொருள் காண்கிறோம். மனைவி என்ற பொருள் மட்டும் அங்கே இல்லை!

ஆம், அக்காலத்தில் ‘மிஸஸ்’ என்பது மணமானவள் என்பதற்கான அடையாளம் அன்று. பணியாளரையோ பயிற்சி பெறுவோரையோ தன்கீழ்க் கொண்டு கடையோ தொழிலோ நடத்திய பெண், மணமானவளாயினும் ஆகாதவளாயினும் அப்பட்டத்திற்கு உரியவள். வரலாற்றாசிரியர் ஏமி எரிக்சன் பழைய ஆவணங்களை ஆராய்ந்து 2014இல் இதனை விரிவாக எடுத்துக்காட்டினார். கிரேக்க ஞானி எபிக்டீட்டசின் நூல்களை 1758இல் ஆங்கிலத்தில் தந்த எலிசபெத் கார்ட்டர் என்ற பெண்மணி இறுதிவரை மணமுடிக்கவில்லை. ஆயினும் அறிஞருலகம் அவரை ‘மிஸஸ் கார்ட்டர்’ என்றே போற்றியது. செல்வர் மாளிகைகளில் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்த தலைமைப் பணிப்பெண்ணும் அவ்வாறே அழைக்கப்பட்டாள். அவளுக்குக் கணவன் உண்டா என்று எவரும் கேட்டதில்லை.

‘மிஸ்’ என்பதோ தொடக்கத்தில் சிறுமியருக்கு உரியது. வளர்ந்த பெண்ணை அவ்வாறு அழைப்பது இழிவாகவும் கருதப்பட்டது. 1740களுக்குப் பின்னரே மேற்குடிக் கன்னியர் அதனைத் தமக்கு ஏற்றுக்கொண்டனர். கடை நடத்தும் ‘மிஸஸ்’களிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டும் விருப்பமே இதற்குக் காரணம் என்கிறார் எரிக்சன். நாகரிகம் என்று நாம் வியப்பவற்றுள் எத்தனை இத்தகைய சிறு செருக்கில் பிறந்தனவோ!

கணவனின் முழுப் பெயரையே மனைவிக்குச் சூட்டும் வழக்கம் ஏறத்தாழ 1800ஐ ஒட்டியே தலையெடுத்தது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட முதல் நாவலில் ‘மிஸஸ் ஜான் டாஷ்வுட்’ என்ற பெண்ணைச் சந்திக்கிறோம். ஜான் என்பது அவள் கணவனின் பெயர். திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள் ஆகிறார்கள் என்ற கோட்பாடு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. எனினும், அச்சட்டம் பெண்ணின் சொத்தைக் கணவனிடம் ஒப்படைத்த காலத்திலும் முதற்பெயரையாவது அவளிடம் விட்டு வைத்திருந்தது. பின்னர் வந்த மரியாதை வழக்கமே அதையும் எடுத்துக்கொண்டது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய லூசி ஸ்டோன், 1855இல் ஹென்றி பிளாக்வெல்லை மணந்த பின்னும் தம் பெயரை மாற்றிக்கொள்ள இசையவில்லை. 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிக்குழுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அவரோ கணவரின் குடும்பப்பெயரை ஏற்காததால் அந்த வாக்கையும் இழந்தார்.

மணமானவளா அல்லவா என்று காட்டாத ‘எம்’, ‘எஸ்’ என்ற ஈரெழுத்துப் பட்டத்தை, அம்மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகர நாளிதழ் ஒன்று 1901இலேயே பரிந்துரைத்திருந்தது. அது அன்று வேரூன்றவில்லை. 1961இல் ஷீலா மைக்கேல்ஸ் என்ற பெண் அஞ்சலில் வந்த இதழின் முகவரியில் அதனைக் கண்டு, முதலில் அச்சுப்பிழை என்றே எண்ணினாராம். பின்னர் அவரே அதனைப் பரப்ப முற்பட்டார். 1972இல் அதே பெயரில் மகளிர் இதழ் ஒன்றும் வெளிவரத் தொடங்கியது.

1984இல் ஜெரால்டீன் ஃபெராரோ அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். அவர் கணவரின் குடும்பப்பெயர் சக்காரோ. தம்மை வளர்த்து ஆளாக்கிய விதவைத் தாயின் பெருமைக்காக ஃபெராரோ என்ற பெயரையே அவர் காத்துவந்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழோ தன் விதியை விடாமல் ‘மிஸஸ் ஃபெராரோ’ என்றே எழுதியது. உண்மையில் அப்பெயருக்கு உரியவர் அவருடைய தாய்தான். அந்நாளிதழிலேயே மொழி பற்றிய பத்தி எழுதிவந்த வில்லியம் சஃபயர் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினார். 1986 ஜூன் மாதத்தில் புதிய பட்டத்தை அந்நாளிதழ் ஏற்றுக்கொண்டது. அதற்குள் தேர்தல் முடிந்து, ஃபெராரோ தோற்றும் போயிருந்தார்.