பெட்டியை யார் தூக்குவது?

இன்று உல்லாசக் கப்பலில் போகிறவர் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே சுமைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு ஏறலாம். விருப்பம் இருந்தால் தானே இழுத்துக்கொண்டும் போகலாம். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த 'விருப்பம்' டிக்கெட் விலையைப் பொறுத்தது. (காமர்ஸ் மாணவன் புத்தி, விலையில்தான் நிற்கும்!)

அட்லாண்டிக் கடந்த கப்பல்களில் வசதியான பயணிகளின் பெட்டிகளில் சீட்டு ஒட்டுவார்கள். 'கேபின்' என்றால் அறைக்கு. 'பயணத்தில் தேவையில்லை' என்றால் அடித்தளக் கிடங்குக்கு. கட்டிலுக்கு அடியில் நுழைகிற மாதிரி தட்டையாகச் செய்த பெட்டிக்கு 'ஸ்டீமர் டிரங்க்' என்றே பெயர். தூக்குவதற்கு ஆள் இருந்தது.

மலிவு டிக்கெட்காரர்கள் மூட்டை, பிரம்புக் கூடை எல்லாவற்றையும் தாங்களே சுமந்தார்கள். நியூயார்க் போய்ச் சேர்ந்த பிறகும் அதே கதைதான். முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்குக் கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும். மற்றவர்கள் மூட்டையோடு படகில் எல்லிஸ் தீவுக்குப் போக வேண்டும். 1892-ல் திறந்த குடியேற்ற நிலையம் அது. கீழ்த்தளத்தில் சாமான் அறை இருந்தும் பலர் அங்கே வைக்கவில்லை. திரும்பக் கிடைக்காவிட்டால்? அவர்களிடம் இருந்ததே அவ்வளவுதானே.

சுமையோடு மாடிப்படி ஏறினார்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள் என்று மருத்துவர்கள் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸ் குறி. சிலருக்கு அது திரும்பிப் போகும் டிக்கெட்!

அந்த நிலையம் 1954-ல் மூடப்பட்டு, 1990-ல் அருங்காட்சியகமானது. சாமான் அறையில் பழைய பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இழுத்துச் செல்லும் சக்கர சூட்கேஸுக்கு பெர்னார்ட் சடோ அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1972-ல்தான்.