ஏரிக்கரை வாசகர் ஐவரும் கடைசி மனிதனும்

1816ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெனிவா ஏரியின் தென்கரையில் கொலோனி என்னும் சிற்றூரில் உள்ள டியோடாட்டி மாளிகையில் ஐவர் கூடி ஒரு நூலை வாசித்தனர். அது ஜெர்மானியப் பேய்க்கதைகளின் தொகுப்பு. அவர்கள் கையில் இருந்ததோ அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு; 1812இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது; பெயர் 'ஃபாண்டாஸ்மகோரியானா'. மொழிபெயர்த்தவர் எய்ரியெஸ் என்னும் புவியியல் அறிஞர். அட்டையில் தம் பெயரைக்கூட இட்டுக்கொள்ளாதவர். ஜெர்மன் கதையைப் பிரெஞ்சில், சுவிட்சர்லாந்து மண்ணில், இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் படித்தார்கள். இலக்கிய வரலாற்றில் பெரிய இடம் எதுவும் பெறாத அந்நூல், அவ்வைவர் கூடி வாசித்த காரணத்தால் மட்டுமே இன்றுவரை பேசப்படுகிறது.

ஐவரில் மூத்தவர் பைரன், வயது 28. மணமுறிவின் அவதூறுக்கு அஞ்சி அவ்வாண்டு ஏப்ரலில் தாயகத்தை விட்டு வந்தவர். பெர்சி ஷெல்லிக்கு 23. பைரனின் மருத்துவராக உடன் வந்த ஜான் போலிடோரிக்கு 20. மேரிக்கு வயது 18. அவர் அப்போது ஷெல்லியை மணந்திருக்கவில்லை. மணம் அவ்வாண்டு இறுதியில்தான் நடந்தது. கைக்குழந்தை வில்லியமும் உடன் இருந்தான். மேரியின் மாற்றாந்தாய் மகளாகிய கிளேர் கிளேர்மான்ட்டுக்கும் வயது 18தான். இந்த ஐந்தாம் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அவ்வாண்டு ஐரோப்பாவுக்குக் கோடை வரவில்லை. 1815 ஏப்ரலில் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. எழுத்துச் சான்று உள்ள காலத்தில் நிகழ்ந்த எரிமலை வெடிப்புகளுள் மிகப் பெரியது அதுவே. அது வான்வெளியில் ஏற்றிய கந்தகத் துகள்கள் கதிரவன் ஒளியை மறைத்தன. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் பயிர் அழுகிற்று, பஞ்சம் வந்தது. காரணம் எவருக்கும் தெரியாது. இத்தாலிய நகரமாகிய போலோஞாவைச் சேர்ந்த ஒருவர் ஜூலை 18ஆம் நாள் சூரியன் அணைந்துபோகும் என்று கணித்ததாகச் செய்தி பரவ, மக்கள் நடுங்கினர். பைரன் அம்மாதத்தில்தான் 'இருள்' என்ற கவிதையை எழுதினார். ஒளியிழந்த உலகில் மனிதர் ஒருவர்பின் ஒருவராக மடியும் அக்கவிதையைக் கற்பனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சாளரத்துக்கு வெளியே அவர் கண்ட வானம் அதில் இருக்கிறது.

ஓயாத மழை ஐவரையும் வீட்டுக்குள் அடைத்தது. வாசிப்புக்கு இடையிடையே உரையாடலும் நிகழ்ந்தது. உயிர் என்பது உடம்பின் அமைப்பால் விளைவதா, புறத்தே இருந்து வந்து சேர்வதா என்பது அக்காலத்தின் பெரிய வினா. கால்வானி, மின்பொறி பட்டு இறந்த தவளையின் கால் துடிப்பதை 1791இல் எழுதி வெளியிட்டிருந்தார். அவருடைய மருமகன் அல்தீனி 1803இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சி, அதன் தாடையும் கையும் அசையக் காட்டினார். ஷெல்லிக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் லாரன்ஸ் இதே வினாவை முன்வைத்துத் தம் ஆசிரியர் அபர்னெத்தியோடு வெளிப்படையாக மோதிக்கொண்டிருந்தார். இன்று உயிரித் தொழில்நுட்பம் என்று வழங்கும் துறையின் வித்து, அந்நாளில் இத்தகைய மேடைச் சோதனையாகவும் மாலைநேர வாதமாகவுமே இருந்தது.

அவ்வுரையாடலைப் பற்றி இரண்டு சான்றுகள் உள்ளன, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஜூன் 15ஆம் நாளன்று, மனிதன் வெறும் கருவிதானா என்பது பற்றித் தாமும் ஷெல்லியும் பேசியதாகப் போலிடோரியின் நாட்குறிப்பு கூறுகிறது. மேரியோ 1831இல் எழுதிய முன்னுரையில், பைரனும் ஷெல்லியும் பேசத் தாம் வாய்திறவாமல் கேட்டிருந்ததாகச் சொல்கிறார். நாட்குறிப்பு அன்றன்று எழுதப்பட்டது. முன்னுரை 15 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. நாட்குறிப்பும் பழுதற்ற சான்று அன்று. போலிடோரியின் தங்கை அதைப் படியெடுத்தபோது தகாதன என்று கருதிய பகுதிகளை நீக்கினார், மூலத்தையும் அழித்துவிட்டார். மீந்த படி 1911இல்தான் அச்சேறியது.

வாசித்த கதைகளைப் போல ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் முன்மொழிந்ததும், நாள்தோறும் காலையில் கதை தோன்றிற்றா என்று பிறர் வினவ, மேரி இல்லை என்று தலைகுனிந்ததும் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் ஜூன் 17ஆம் நாளின் குறிப்பில் போலிடோரி, தம்மைத் தவிர எல்லாரும் கதையைத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். அடுத்த நாள் இரவு பைரன் கோல்ரிட்ஜின் 'கிறிஸ்டபெல்' கவிதையை மனப்பாடமாகச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த ஷெல்லி அலறிக்கொண்டு அறையை விட்டு ஓடினார். போலிடோரி அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஈதர் கொடுத்துத் தெளிவித்தார். மழைநாளின் தனிமையில் கண்ணால் படித்திருந்தால் ஷெல்லி அப்படி ஓடியிருப்பாரா? உரக்கச் சொல்லப்பட்ட சொல்லுக்குத்தான் அவ்வலிமை உண்டு. கேள்வியையும் கல்விக்கு நிகராக வைத்த மரபினர்க்கு இது வியப்பளிக்காது.

பைரன் தொடங்கிய கதை துண்டாகவே நின்றது. அதன் கருவை எடுத்துப் போலிடோரி எழுதிய 'வாம்பயர்' 1819இல் லண்டன் இதழ் ஒன்றில் பைரன் பெயரால் வெளிவந்து, உரியவருக்குப் பெயரும் பொருளும் சேராமல் செய்தது. மேரியின் 'பிராங்கன்ஸ்டைன்' 1818 ஜனவரி முதல் நாள், ஆசிரியர் பெயரின்றி, 500 படிகள் அச்சாயிற்று. அறிவியல் புனைகதை இந்நூலிலிருந்தே தொடங்குகிறது என்று பிரையன் ஆல்டிஸ் 1973இல் வாதிட்டார். அவ்வாதம் பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது.

உயிர் உண்டாக்கும் விஞ்ஞானியின் கதை என்றே அந்நாவல் நினைவுகூரப்படுகிறது. அதன் நடுவே ஒரு வாசகர் வட்டம் இருப்பதைப் பலர் கடந்துவிடுகின்றனர். படைத்தவனால் கைவிடப்பட்ட அவ்வுயிர், டி லேசி குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக உள்ளே பார்க்கிறது. மகன் பீலிக்ஸ் உரக்கப் படிக்கிறான். கண்ணிழந்த தந்தையும் தங்கையும் கேட்கின்றனர். பின்னர் வேற்றுநாட்டுப் பெண் ஒருத்தி வந்து சேர, வோல்னே எழுதிய பேரரசுகளின் அழிவு பற்றிய நூலைக் கொண்டு அவளுக்கு மொழி கற்பிக்கின்றனர். வெளியே நிற்கும் உயிரும் அவளோடு சேர்ந்தே மொழி கற்கிறது. காட்டில் கிடைத்த பையிலிருந்து மில்டனையும் புளூட்டார்க்கையும் கேத்தேயின் 'வெர்த'ரையும் தனியே படிக்கும்போதோ, மில்டனின் காவியத்தை நடந்த வரலாறு என்றே கொள்கிறது. அது அப்படி அன்று என்று சொல்ல அருகில் ஒரு தோழர் இல்லை. ஒருநாள் துணிந்து உள்ளே செல்கிறது. முதியவர் குரலை மட்டும் கேட்டு அன்போடு ஏற்கிறார். கண்ணுள்ளவர்கள் வந்ததும் அடித்து விரட்டுகின்றனர். அதன் கொடுமைகள் யாவும் இதன் பின்னரே தொடங்குகின்றன. டியோடாட்டியில் வாய்திறவாமல் கேட்டிருந்த பதினெட்டு வயதுப் பெண், வட்டத்துக்கு வெளியே நின்று கேட்கும் ஒருவனைப் படைத்தார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

1816 ஆகஸ்ட் இறுதியில் ஷெல்லியின் குடும்பம் ஜெனிவாவை விட்டது. போலிடோரியைப் பைரன் செப்டம்பரில் வேலையிலிருந்து நீக்கினார். ஐவரும் பின்னர் ஒருமுறைகூட ஓரிடத்தில் கூடவில்லை. 1819இல் ரோமாபுரியில் சிறுவன் வில்லியம் இறந்தான். அதற்கு முந்தைய ஆண்டே அவன் தங்கை கிளாரா இறந்திருந்தாள். போலிடோரி 1821இல், 25ஆம் வயதில் மறைந்தார். 1822 ஜூலை 8ஆம் நாள் ஷெல்லி கடலில் மூழ்கினார். 1824 மே மாதத்தில் ஒருநாள் மேரி அம்மையார், கடைசி மனிதனின் உள்ளத்தைத் தம்மால் எழுத இயலும் என்ற கருத்துப்படத் தம் நாட்குறிப்பில் எழுதினார். பைரன் கிரேக்கத்தில் இறந்த செய்தி மறுநாள் அவரை எட்டியது.

ஏரிக்கரை வாசிப்பு நடந்து பத்தாம் ஆண்டில், 1826இல், 'கடைசி மனிதன்' மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கதை 21ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்கிறது. இங்கிலாந்து குடியரசாகிவிட்டது, மக்கள் பலூன்களில் பறந்து பயணம் செய்கின்றனர். கொள்ளைநோய் ஒன்று கிழக்கிலிருந்து பரவி, ஏழாண்டுகளில் மனித இனத்தையே துடைத்துவிடுகிறது. 1817இல் வங்காளத்து ஜெசூரில் தொடங்கிய காலரா, 1823இல் காஸ்பியன் கடற்கரை வரை சென்றிருந்த காலம் அது. முந்தைய நாவலில் புதிய இனம் ஒன்று பெருகி மனிதனை அழித்துவிடுமோ என்று அஞ்சி, பிராங்கன்ஸ்டைன் பெண்ணுயிரின் உடலைச் சிதைக்கிறான். இந்நாவலில் அத்தகைய குற்றவாளி எவனும் இல்லை. மனிதர் மட்டும் மறைகின்றனர். காடும் விலங்கும் முன்னிலும் செழித்து நிற்கின்றன. இரண்டாவதே கொடிய கற்பனை.

நூலின் முதற்பகுதி இழுவைதான். நோய் கதைக்குள் நுழைவதற்கே அரசியலும் காதலுமாக நெடுந்தொலைவு கடக்க வேண்டும். அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. ஆட்ரியன் ஷெல்லியின் சாயல். ரேமண்ட் பைரனின் சாயல். கதையைச் சொல்லும் லயனல் வெர்னி மேரியே. இறந்த நண்பர்களை மீண்டும் பேசவைக்கும் வாய்ப்பை அவர் எளிதில் விட்டுவிட விரும்பவில்லை. ரேமண்ட் கிழக்கே போர்முனையில் மடிகிறான். நோய் தன் கடைசிப் பலியை ஷமோனிப் பள்ளத்தாக்கில் கொள்கிறது. 1816இல் மேரி நேரில் கண்டதும், படைத்தவனையும் படைக்கப்பட்டதையும் பனிவெளியில் எதிரெதிரே நிறுத்தியதும் அதே பள்ளத்தாக்குதான். ஆட்ரியன் கடலில் மூழ்குகிறான். அவனோடு மூழ்கும் சிறுமியின் பெயர் கிளாரா. லயனல் மட்டும் நீந்திக் கரையேறுகிறான். கரையேறும் இடம், பைரன் சில ஆண்டுகள் வாழ்ந்த ராவென்னா.

நாவலின் தொடக்கத்தில் ஒரு முன்கதை வருகிறது. 1818இல் நேப்பிள்ஸ் அருகே, குறிசொல்லும் சிபில் வாழ்ந்ததாகக் கருதப்படும் குகையில், பல மொழிகளில் எழுதப்பட்ட இலைகளும் பட்டைகளும் இருவர் கையில் கிடைக்கின்றன. சேர்ந்து படித்துப் பொருள்கொள்ளத் தொடங்குகின்றனர். துணைவர் மறைந்துவிட, எஞ்சியவர் சிதறிய ஏடுகளைத் தனியே ஒழுங்குபடுத்துகிறார். கூட்டு வாசிப்பாகத் தொடங்கியது ஒருவரின் உழைப்பாக முடிகிறது. ஆளற்ற ரோமில் அமர்ந்து தன் கதையை எழுதும் லயனல், படிக்க எவரும் இல்லை என்று அறிந்தே, அதை இறந்தோர்க்குப் படைக்கிறான். பின்னர் ஓமரையும் ஷேக்ஸ்பியரையும் படகில் ஏற்றி, நாய் ஒன்றைத் துணைக்கொண்டு, கடலோரமாகப் புறப்படுகிறான்.

நூலை எவரும் வரவேற்கவில்லை. கிரேன்வில் 1805இலும் கேம்பெல் 1823இலும் இதே பொருளைத் தொட்டிருந்ததால், தேய்ந்த கரு என்று திறனாய்வாளர் எள்ளினர். தம் குடும்பப் பெயரை அச்சில் காண விரும்பாத மாமனார் சர் திமோதி, இதழ்கள் மேரியின் பெயரைக் குறிப்பிட்டமைக்காக அவருக்கு அளித்துவந்த தொகையை நிறுத்திவைத்தார். நெடுங்காலம் மறுபதிப்பின்றிக் கிடந்த நாவலை 1965இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் வெளியிட்டது. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் அது பலர் கைக்கும் வந்தது.

இனி அந்த ஐந்தாம் பெயர். 1818 முன்னுரையை மேரியின் குரலில் எழுதியவர் பெர்சி ஷெல்லி. கதை எழுத உடன்பட்டவர்கள் நூலாசிரியரும் நண்பர் இருவரும் என்று மூவரை மட்டுமே அவர் கூறுகிறார். போலிடோரிக்கு அதில் இடமில்லை. 1831இல் மேரி நால்வர் என்கிறார். போலிடோரிக்கு இடம் கிடைக்கிறது, சிறிது கேலியோடு. இரண்டு கணக்கிலும் கிளேர் இல்லை. பைரனுக்கும் அவருக்கும் பிறந்த அல்லெக்ரா 1822இல், ஐந்து வயதில் இறந்தாள். மேரி 1851இல் மறைந்த பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1879 மார்ச்சில் பிளாரன்ஸ் நகரில் கிளேர் கண்மூடினார். பழைய கடிதங்களைத் தேடி அவரிடம் சென்ற ஓர் அமெரிக்கரின் கதையைக் கேட்டுத்தான் ஹென்றி ஜேம்ஸ் 1888இல் 'ஆஸ்பர்ன் பேப்பர்ஸ்' எழுதினார். கிளேர் முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பின் ஒரு பகுதி நியூயார்க் பொது நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 2010இல் அச்சில் வந்தது. அதில் பைரன், ஷெல்லி இருவர்மீதும் அவர் கூறும் குற்றச்சாட்டு கடுமையானது.