எல்லை தாண்டி மதுபானம் கொண்டு வருவது குற்றமா? சுங்கச் சலுகையும் மாநிலச் சட்டங்களும்: முழு விவரம்

ஏரவாடா (புனே): வெளிநாட்டுப் பயணம் முடிந்து ஊர் திரும்புவோர் பெட்டிக்குள் ஒன்றிரண்டு மதுப்புட்டிகளை எடுத்து வருவது புதிதல்ல. ஆனால், விமான நிலையத்தில் அனுமதிக்கப்படும் அதே புட்டி, நேபாளத் தரை எல்லையில் பறிமுதல் செய்யப்படலாம். பிகாரில் கைது நடவடிக்கைக்குக் காரணமாகலாம். மகாராஷ்டிரத்தில் உரிமம் இல்லாதவர் வீட்டில் இருந்தால் சட்டச் சிக்கலாகலாம். ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் விதி மாறுவது ஏன், பயணிகள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

புனே விமான நிலையம் அமைந்துள்ள லோகேகாவ், ஏரவாடாவை ஒட்டிய பகுதி. புனே கன்டோன்மென்ட், கட்கி வட்டாரங்களில் தலைமுறைகளாக வசிக்கும் தமிழர்களும், பணி நிமித்தமாக அண்மையில் குடியேறியவர்களும் ஆண்டுதோறும் வெளிநாடுகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் சென்று திரும்புகின்றனர். அவர்களுக்கு இந்த விதிகள் அனைத்துமே ஏதோ ஒரு கட்டத்தில் பொருந்தும்.

இரண்டு அரசுகள், இரண்டு அதிகாரங்கள்

நாட்டின் எல்லையைத் தாண்டி வரும் சரக்குகளைக் கட்டுப்படுத்துவதும், அவற்றின் மீது சுங்க வரி விதிப்பதும் மத்திய அரசின் அதிகாரம். மதுபானத்தின் உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து, கையிருப்பு ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலின் 8-வது இனத்தின் கீழ் வருகின்றன. மது மீதான கலால் வரியும் மாநிலங்களுக்கே உரியது. மனிதர்கள் அருந்தும் மதுபானம் சரக்கு மற்றும் சேவை வரி வரம்புக்குள் கொண்டு வரப்படாததும் இதனால்தான்.

எனவே, சுங்கத்துறை ஒரு புட்டியை அனுமதித்தது என்றால், அது இறக்குமதி தொடர்பான அனுமதி மட்டுமே. அந்தப் புட்டியை எந்த மாநிலத்துக்குள் எடுத்துச் செல்லலாம், யார் வைத்திருக்கலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது.

இந்தப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் 1951-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. அன்றைய பம்பாய் மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட பால்சாரா வழக்கில், வெளிநாட்டு மதுவை வைத்திருப்பதை மாகாணம் தடுத்தால் அது மத்திய அரசின் இறக்குமதி அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்று வாதிடப்பட்டது. அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுங்க எல்லையைத் தாண்டி வருவது வேறு, வந்த பின் வைத்திருப்பதும் விற்பதும் வேறு என்ற அடிப்படையில், சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. மது கலந்த மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் தொடர்பானவை உள்ளிட்ட சில பிரிவுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டன.

விமானத்தில் வருவோருக்கு என்ன சலுகை?

2016 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பயணப் பொருள் விதிகள், பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுபானத்தை வரியின்றிக் கொண்டு வரும் சலுகையை வரையறுத்தன. விஸ்கி, ஒயின், பீர் என எந்த வகையானாலும் மொத்த அளவே கணக்கிடப்படும். வகைக்கு 2 லிட்டர் என்று பொருள் கொள்ளக் கூடாது.

இதில் பயணிகள் தவறவிடும் இரண்டு அம்சங்கள் உள்ளன. முதலாவது, இந்த 2 லிட்டர் தனிச் சலுகை அல்ல. பயணிக்கு அனுமதிக்கப்படும் பொதுவான மதிப்பு வரம்புக்குள் இதன் விலையும் சேரும். இரண்டாவது, ஒருவரின் சலுகையை மற்றொருவரின் சலுகையுடன் சேர்த்துக் கணக்கிட முடியாது. கணவன் பெட்டியில் 4 லிட்டர் வைத்துவிட்டு, மனைவியின் பங்கும் இதில் அடங்கும் என்று கூறினால் அது ஏற்கப்படாது.

அளவு மிகுந்தால், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி பயணியே முன்வந்து அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்கள் சிவப்பு வழியையும், இல்லாதவர்கள் பச்சை வழியையும் பயன்படுத்த வேண்டும். மிகுதியான அளவுக்குரிய வரியைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்வது சட்டப்படியான வழி. வரி விதிக்கத்தக்க பொருளை மறைத்துக்கொண்டு பச்சை வழியில் செல்வோர் பிடிபட்டால், பொருள் பறிமுதலாவதுடன் அபராதமும் விதிக்கப்படலாம்.

தரை எல்லையில் நிலைமை வேறு

நேபாளம், பூட்டான், மியான்மர் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து தரைவழியாக வருவோருக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் தனி நிபந்தனை விதித்தன. பயணி தம் சொந்தத் தேவைக்காக ஏற்கெனவே பயன்படுத்திய பொருள்களை மட்டுமே வரியின்றிக் கொண்டு வரலாம் என்பதே அது. கடையில் புதிதாக வாங்கிய மதுப்புட்டி இந்த வரையறைக்குள் வராது. அதாவது, காத்மாண்டுவில் இருந்து விமானத்தில் வருபவருக்குக் கிடைக்கும் சலுகை, அதே ஊரில் இருந்து பேருந்தில் வருபவருக்குக் கிடையாது.

இந்தியா - நேபாளம் இடையே 1950-ஆம் ஆண்டில் கையெழுத்தான அமைதி மற்றும் நட்புறவு ஒப்பந்தத்தின் பயனாக, இரு நாட்டு மக்களும் விசா இன்றி எல்லையைக் கடக்கின்றனர். பூட்டானின் பூண்ட்ஷோலிங் நகரும் மேற்கு வங்கத்தின் ஜெய்கானும் ஒரு நுழைவாயிலால் மட்டுமே பிரிக்கப்பட்டுள்ளன. தடையின்றி நடந்து செல்ல முடிவதால், பொருள்களுக்கும் தடை இல்லை எனச் சுற்றுலாப் பயணிகள் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால், ஒப்பந்தம் தரும் உரிமை மனிதர்களின் நடமாட்டத்துக்கானது; சுங்கச் சட்டத்தில் இருந்து பொருள்களுக்கு அது விலக்கு அளிப்பதில்லை.

மேலும், தரைவழிச் சரக்குகள் அரசு அறிவித்துள்ள பாதைகள் வழியாகவும் சுங்க நிலையங்கள் வழியாகவுமே வர வேண்டும். வயல்வெளிப் பாதையிலோ கிராமச் சாலையிலோ எல்லையைத் தாண்டிக் கொண்டு வரும் பொருளை, அந்த ஒரு காரணத்துக்காகவே சுங்கச் சட்டத்தின் 111-வது பிரிவின் கீழ் பறிமுதல் செய்ய முடியும். நேபாளம், பூட்டான் எல்லைகளில் சசஸ்திர சீமா பல் படையினர் காவலில் உள்ளனர்.

ரக்சௌல் வழியா, சோனௌலி வழியா?

நேபாளத்தில் இருந்து திரும்புவோர் பெரிதும் பயன்படுத்தும் இரண்டு வழிகள் பிகாரின் ரக்சௌலும், உத்தரப் பிரதேசத்தின் சோனௌலியும். சுங்க விதி இரண்டுக்கும் ஒன்றுதான். மாநிலச் சட்டம் மட்டும் முற்றிலும் வேறு.

பிகாரில் 2016 ஏப்ரல் மாதம் முதல் முழு மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. அங்கு மதுவை அருந்துவது மட்டுமன்றி, வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். புட்டி திறக்கப்படவில்லை, புனேவுக்குத்தான் கொண்டு செல்கிறேன், வழியில் அருந்த மாட்டேன் என்ற விளக்கங்கள் அங்கு உதவாது. சொந்த வாகனத்தில் புட்டி கண்டெடுக்கப்பட்டால் வாகனமும் பறிமுதலுக்கு உள்ளாகும். சோனௌலி வழியாக வந்து, பிகார் மாநிலத்தைக் கடக்கும் ரயிலில் ஏறுவோருக்கும் இதே ஆபத்து உண்டு.

மியான்மர் எல்லையை ஒட்டிய மாநிலங்களில் நாகாலாந்து 1989-ஆம் ஆண்டிலும், மிசோரம் 2019-ஆம் ஆண்டிலும் மதுவிலக்குச் சட்டங்களை இயற்றின. மேற்கே குஜராத்தில், 1960-இல் மாநிலம் உருவானது முதல் மதுவிலக்கு தொடர்கிறது. அங்கு வெளிமாநிலப் பயணிகள் உரிய அனுமதிச் சீட்டுப் பெறும் ஏற்பாடு உள்ளது. புனேவில் இருந்து ரயிலிலோ காரிலோ குஜராத் செல்வோர், புட்டியுடன் மாநில எல்லையைத் தாண்டுவதற்கு முன் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் உரிமம் கட்டாயம்

மதுக்கடைகள் பரவலாக உள்ளதால் மகாராஷ்டிரத்தில் கட்டுப்பாடு இல்லை என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இன்றி மது வாங்குவதும், வைத்திருப்பதும், எடுத்துச் செல்வதும், அருந்துவதும் கூடாது என்பதே சட்டத்தின் அடிப்படை. உரிமம் பெற்றவருக்கு விலக்கு என்பதே அதன் அமைப்பு.

ஒரு நாள், ஓராண்டு, வாழ்நாள் என மூன்று வகைகளில் தனிநபர் உரிமங்கள் வழங்கப்படுகின்றன. மாநில கலால் துறையிடம் இதற்கு விண்ணப்பிக்கலாம். பீர், ஒயின் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச வயது 21. விஸ்கி, ரம், பிராந்தி போன்ற வீரியம் மிக்க வகைகளுக்கு 25. எனவே, சுங்கச் சலுகையின்படி 2 லிட்டர் விஸ்கியுடன் புனேவில் தரையிறங்கும் 23 வயது இளைஞர், விமான நிலையத்தின் சுங்கப் பகுதியைக் கடந்தாலும், மாநிலச் சட்டத்தின்படி அதை வைத்திருக்கும் தகுதி பெறுவதில்லை.

மாநிலத்துக்குள்ளேயே வார்தா, கட்சிரோலி மாவட்டங்களில் மதுவிலக்கு உள்ளது. சந்திராபூர் மாவட்டத்தில் 2015-இல் கொண்டு வரப்பட்ட தடை 2021-இல் விலக்கப்பட்டது. புனேவில் சட்டப்படி வாங்கிய புட்டியையும் வார்தாவுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

கோவாவில் இருந்து திரும்பும்போது

புனேவாசிகள் அதிகம் சிக்கலுக்கு உள்ளாவது கோவாப் பயணத்தின் முடிவில்தான். கோவாவில் மது மீதான வரி குறைவு என்பதால் விலையும் குறைவு. அங்கு வாங்கிய மதுவைக் காரில் கொண்டு வருவோரை சிந்துதுர்க், கோலாப்பூர் மாவட்டச் சாலைகளில் மகாராஷ்டிர கலால் துறையினர் சோதனையிடுகின்றனர். கோவாவில் மட்டும் விற்பனைக்கு என அச்சிடப்பட்ட மதுவுக்கு மகாராஷ்டிர அரசின் வரி செலுத்தப்பட்டிருக்காது. அதை உரிய அனுமதியின்றி மாநிலத்துக்குள் கொண்டு வருவது, சட்டத்தின் 65-வது பிரிவின் கீழ் இறக்குமதிக் குற்றமாகக் கருதப்படும். கடைக்காரர் தந்த ரசீது, வாங்கியதற்கான சான்று மட்டுமே; மற்றொரு மாநிலத்துக்குள் நுழைவதற்கான அனுமதி ஆகாது.

படைவீரர் கேன்டீன்களில் சலுகை விலையில் பெறும் மதுவுக்கும் கட்டுப்பாடு உண்டு. அது உரிமையுள்ள படைவீரர், முன்னாள் படைவீரர் ஆகியோரின் சொந்தப் பயன்பாட்டுக்கானது. அதை வெளியாருக்கு விற்பது குற்றம்.

தமிழ்நாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா?

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உள்ளது. ராஜாஜி தலைமையிலான அரசு அதே ஆண்டில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனத்திடம் 2003 முதல் சில்லறை விற்பனையும் உள்ளது. பிற மாநிலங்களில் குறைந்த வரியில் வாங்கிய மதுவை உள்ளே கொண்டு வருவோர் மீது இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப்படுகிறது. புதுச்சேரி, காரைக்கால் எல்லைச் சோதனைச்சாவடிகளில் இது வழக்கமான காட்சி. ஊர் விழாவுக்குச் செல்லும்போது உறவினருக்காகப் புனேவில் இருந்து புட்டிகள் எடுத்துச் செல்வதைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

உள்நாட்டு விமானத்தில் செல்வோர், 24 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை ஆல்கஹால் கொண்ட மதுவை, சில்லறை விற்பனைக்கான மூடிய புட்டிகளில், ஒருவருக்கு 5 லிட்டர் வரை பதிவு செய்யப்பட்ட பெட்டியில் வைக்கலாம். 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தீ அபாயம் காரணமாக விமானத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. இது விமானப் பாதுகாப்பு விதி மட்டுமே. இறங்கும் மாநிலத்தின் சட்டத்தை அது மாற்றாது.

சிங்கப்பூரிலும் இதே வேறுபாடு

தரை எல்லைக்குத் தனி விதி என்பது இந்தியாவில் மட்டும் உள்ளதல்ல. சிங்கப்பூருக்குள் வரியின்றி மது கொண்டு வர, பயணி 18 வயது நிறைந்தவராகவும், குறைந்தது 48 மணி நேரம் வெளிநாட்டில் இருந்தவராகவும் இருக்க வேண்டும். மலேசியாவில் இருந்து வருபவராக இருக்கக் கூடாது. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் வழியாக ஜொகூர் பாருவுக்குச் சென்று திரும்பும் தமிழர்கள், ஒரு புட்டி ஆனாலும் அறிவித்து வரி செலுத்த வேண்டியது இதனால்தான். விலை வேறுபாட்டுக்காக மக்கள் நாள்தோறும் எல்லை கடக்கும் இடங்களில் அரசுகள் சலுகையைச் சுருக்கிக்கொள்வது உலக வழக்கம்.

பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

* திரும்பும் வழி விமானமா, தரைவழியா என்பதைக் கொண்டு சலுகையைக் கணக்கிட வேண்டும்.
* வழியில் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் மதுவிலக்கு உண்டா எனப் பார்க்க வேண்டும். சேருமிடம் மட்டும் போதாது.
* கடை ரசீது, சுங்க வரி ரசீது, தனிநபர் உரிமம் ஆகியவற்றைப் புட்டியுடன் வைத்திருக்க வேண்டும்.
* பிறர் தரும் மூடிய பொட்டலங்களை வாங்கிச் செல்லக் கூடாது. யார் கையில் உள்ளதோ அவரே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.
* ஐயம் இருந்தால் சுங்க அதிகாரியிடம் தாமாகவே அறிவிக்க வேண்டும்.

சுங்கச் சலுகைகளும் மாநில விதிகளும் அறிவிக்கைகள் மூலம் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. எனவே, புறப்படும் முன் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்திலும், தொடர்புடைய மாநிலக் கலால் துறையிடமும் அன்றைய நிலையை உறுதி செய்துகொள்வது அவசியம்.