கடலோடிகளின் சம்பிரதாயமும் ஒரு கொலை வழக்கும்

பாய்மரக் கப்பல்கள் சமுத்திரங்களை ஆண்ட காலத்தில், கப்பல் மூழ்கிச் சிறு படகில் அன்னமும் தண்ணீருமின்றித் தவிக்க நேர்ந்தால், சீட்டுப் போட்டு, எவன் பெயருக்கு விழுகிறதோ அவனைக் கொன்று தின்று மற்றவர்கள் பிராணனைக் காத்துக்கொள்ளலாம் என்னும் கொடிய சம்பிரதாயம் மேனாட்டு மாலுமிகளிடையே நிலவி வந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை. 1820ல் திமிங்கிலம் மோதி அழிந்த 'எஸ்ஸெக்ஸ்' என்னும் அமெரிக்கக் கப்பலின் மாலுமிகள் அவ்வாறே சீட்டெடுத்து ஓவன் காஃபின் என்ற இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். கரை சேர்ந்தபின் அவர்கள்மீது வழக்குத் தொடுப்பார் யாரும் இல்லை.

1884 மே மாதம் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னிக்குப் புறப்பட்ட 'மின்யொனெட்' என்ற சிறு கப்பல், ஜூலை 5ஆம் தேதி அட்லாண்டிக் சமுத்திரத்தின் தென்பகுதியில் பேரலை தாக்கி மூழ்கியது. தலைவர் டாம் டட்லி, ஸ்டீபன்ஸ், புரூக்ஸ், 17 வயதுச் சிறுவன் ரிச்சர்ட் பார்க்கர் ஆகிய நால்வரும், 13 அடி நீளமுள்ள படகொன்றில், இரண்டு டப்பா டர்னிப் கிழங்கைத் தவிர வேறு உணவின்றி, குடிநீர் ஒரு துளியுமின்றி மிதந்தார்கள். நடுவில் அகப்பட்ட ஆமை ஒன்று சில நாளைக்கு உதவிற்று. கடல்நீரைக் குடித்து நோயுற்றுப் பேச்சுமூச்சற்றுக் கிடந்த பார்க்கரை, 20ஆம் நாள், ஸ்டீபன்ஸின் சம்மதத்தோடு டட்லி கத்தியால் கழுத்தில் குத்திக் கொன்றார். புரூக்ஸ் இசையவில்லை, ஆயினும் மூவரும் தின்றார்கள். சீட்டு என்னும் பேச்சு எழுந்தும் சீட்டுப் போடப்படவில்லை. அவர்கள் சொந்தச் சம்பிரதாயம் அளித்திருந்த அந்த அற்ப நியாயங்கூட அச்சிறுவனுக்குக் கிட்டவில்லை என்று நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. கொலைக்குப் பின் நான்காம் நாள் ஜெர்மானியக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டது.

ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கிய டட்லி எதையும் மறைத்தாரில்லை. சம்பிரதாயம் தம்மைக் காக்கும் என்றே நம்பினார். ஜனங்களின் அனுதாபம் அவர் பக்கமே இருந்தது. பார்க்கரின் தமையனே நியாயஸ்தலத்தில் அவர்கள் கையைப் பற்றிக் குலுக்கினார்.

குற்றம் என்பதற்கு ஒரு செயலும் அச்செயலோடு கூடிய துஷ்ட சித்தமும் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய சித்தாந்தம். கொன்றதும் உண்மை, கொல்லக் கருதியதும் உண்மை. சித்தப்பிரமை என்றோ சிறுபிராயம் என்றோ சொல்ல வழியில்லை. எதிர்க்கச் சக்தியற்றுக் கிடந்தவனிடமிருந்து தற்காப்பு என்பதற்கும் இடமில்லை. எஞ்சியது நிர்ப்பந்தம் என்ற வாதம் ஒன்றே. ஜூரர்கள் சம்பவங்களை மட்டும் நிர்ணயித்துவிட்டுச் சட்டத்தை நீதிபதிகளிடம் ஒப்படைக்க, பிரபு கோல்ரிட்ஜ் தலைமையில் ஐந்து நீதிபதிகள் டிசம்பர் 9ஆம் தேதி தீர்ப்பளித்தார்கள்.

எந்த உயிர் பெரிது, எந்த உயிர் சிறிது என்று எடைபோட்டுப் பார்க்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, பலத்தைக் கொண்டா புத்தியைக் கொண்டா அதை அளப்பது என்று கோல்ரிட்ஜ் கேட்டார். கப்பல் தலைவனின் தர்மம் பிறருக்காகத் தன்னுயிரைக் கொடுப்பதே அன்றிப் பலவீனன் உயிரை எடுப்பதன்று என்றும் சொன்னார். டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அரசின் கருணையால் அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. இவ்விரண்டும் முறையே என்பது என் அபிப்பிராயம்: பசியால் வதைபட்டவனுக்கு இரங்கலாம், ஆனால் அவன் செய்கையை நியாயமென்று சட்டம் ஒப்புமாயின் கப்பலிலே மிக எளியவன் உயிருக்கு ஏது காவல்? டட்லியோ இறுதிவரை அத்தண்டனையை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறி 1900ல் பிளேக் நோயால் இறந்தார்.

இத்தீர்ப்புக்கு 24 ஆண்டுகள் முன்பே, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், குற்றக் கருத்தின்றி, பெருந்தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த செயலை 81ஆம் பிரிவில் மன்னித்தது. பிறர் அச்சுறுத்தலால் உடனடி மரண பயத்தில் செய்த குற்றங்களை மன்னிக்கும் 94ஆம் பிரிவோ, கொலைக்கும், மரண தண்டனைக்குரிய அரச விரோதக் குற்றங்களுக்கும் அந்த மன்னிப்பை மறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 19, 32ஆம் பிரிவுகளாக இருக்கின்றன. கொலைக்குரிய விலக்கும் அவ்வாறே நிற்கிறது.