எண்ணப்படாத துயரம்: உளவியல் ஆய்வும் புள்ளியியலும்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள பேரூர் ஒடுகத்தூர். மலைக்கு ஏறுவோருக்கும் மலையிலிருந்து இறங்குவோருக்கும் அது ஒரு வாயில். இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிலும் உளச்சோர்வால் வாடுவோர் எத்தனை பேர் என்று ஒருவர் வினவினால் என்ன விடை கூறுவது? நெல் மூட்டையை எண்ணலாம். ஆட்டு மந்தையை எண்ணலாம். உள்ளத்தின் வாட்டத்தை எவ்வாறு எண்ணுவது? எண்ணியதாகக் கூறுவோரின் கூற்றை எந்த அளவுக்கு நம்புவது? உளவியல் ஆய்வுமுறையும் புள்ளியியலும் இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிப் பிறந்த துறைகளாகும்.

ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதன் மூலத்தை ஆராய வேண்டும் என்னும் ஒழுங்கு நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளரின் நேர்மையை ஒருபுறமும் அவரது நினைவாற்றலின் உறுதியை மறுபுறமும் தனித்தனியே எடைபோட்டார்கள். நல்லவர் என்பதாலேயே ஒருவரது நினைவு பிழையற்றதாகிவிடாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஒருவர் கூறியதைப் பிறர் அறிவித்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோக்கம் வேறாயினும், இன்றைய ஆய்வாளர் 'நம்பகத்தன்மை' எனக் குறிப்பிடும் கருத்துக்கு இது மிக அணுக்கமானது.

மருத்துவத்தில் இன்னும் ஒரு படி முன்னேற்றம் நிகழ்ந்தது. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூபக்ர் அர்-ராஸீ, மூளைச் சவ்வு அழற்சியின் அறிகுறிகள் தென்பட்ட நோயாளிகளுள் ஒரு சாராருக்கு இரத்தம் வடித்தார்; மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அதனைச் செய்யாது விட்டார். ஒரு முடிவுக்கு வருவதற்காகவே அவ்வாறு செய்ததாகத் தமது குறிப்பில் அவர் தெரிவிக்கின்றார். அவரது மறைவுக்குப் பின் தொகுக்கப்பெற்ற 'அல்-ஹாவீ' என்னும் பெருநூலில் இக்குறிப்பு இடம்பெற்றுள்ளது. இரத்தம் வடித்தல் பயனுள்ளதா என்பது இங்கு முதன்மையானதன்று. ஒப்பிடுவதற்கு ஒரு குழு இல்லையேல் எதுவும் நிறுவப்படுவதில்லை என்னும் உணர்வே முதன்மையானது. அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா, 'அல்-கானூன்' நூலில் மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளை வகுத்தார். பல நோய்கள் கலந்த உடலில் அன்றி, ஒரே நோயுள்ள உடலில் சோதிக்க வேண்டும். விளைவு திரும்பத் திரும்ப நிகழ்கின்றதா என்று பார்க்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

தற்கால உளவியலின் தொடக்கத்தை 1879இல் வில்ஹெல்ம் வூண்ட் லைப்சிக் நகரில் நிறுவிய ஆய்வகத்தோடு இணைத்துப் பேசுவது வழக்கம். பிரிட்டனில் பிரான்சிஸ் கால்டனும் கார்ல் பியர்சனும் இரு அளவுகளுக்கு இடையிலான ஒட்டுறவைக் கணிக்கும் வழியை உருவாக்கினர். 1925இல் வெளிவந்த தம் நூலில் ஆர். ஏ. ஃபிஷர் ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகளைத் தொகுத்தளித்தார். ராஸீயின் ஒப்பீட்டில் இல்லாத ஒன்றை ஃபிஷர் வலியுறுத்தினார். யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கலாகாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும் என்பதே அது. ஆய்வாளரின் விருப்பு, அவரே அறியாமல், முடிவினுள் புகுந்துவிடும் அன்றோ?

நம் நாட்டில் 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியது. 1931இல் பிரசந்த சந்திர மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அந்நகரில் தொடங்கினார். ஆனால் இவற்றுக்கு முன்பே நம் மாகாணத்தில் அளவுகோல் மக்கள்மீது வைக்கப்பட்டுவிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து பதிந்தார். அவர் காலத்தவரான ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சமூகப் படிநிலைக்கும் தொடர்புண்டு என்று சாதித்தார். மூக்கைத் துல்லியமாக அளக்க முடியும் என்பதில் ஐயமில்லை. அந்த அளவு மனிதனின் தகுதியைக் காட்டுமா என்பதே கேள்வி. மீண்டும் மீண்டும் ஒரே அளவு கிடைப்பது நம்பகத்தன்மை; அளக்க விரும்பியதைத்தான் அளக்கின்றோமா என்பது ஏற்புடைமை. முன்னது இருந்து பின்னது இல்லாத எண், அறிவின் உடையணிந்த அநீதியாகவும் மாறக்கூடும்.

இப்பின்னணியில், ஒடுகத்தூருக்கு அருகிலேயே நிகழ்ந்த ஆய்வுகள் நம் கவனத்துக்குரியவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கப்பெற்றது. நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது அதன் சிறப்பு. அக்கல்லூரியின் சமுதாய நலத்துறை கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றது. இப்பதிவே பல உள ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று.

2002இல் வெளியான ஆய்வொன்று மகப்பேற்றுக்குப் பிந்திய உளச்சோர்வைப் பற்றியது. 359 கருவுற்ற பெண்களைக் கடைசி மும்மாதத்திலும், மகப்பேற்றுக்குப்பின் 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். இருமுறை சந்தித்ததற்குக் காரணம் உண்டு. முன்பே சோர்வுற்றிருந்தவரையும் பின்னரே சோர்வுற்றவரையும் பிரித்தறியாவிட்டால், புதிதாய்த் தோன்றிய நோயின் அளவை அறிய இயலாது. புதிதாய்ச் சோர்வுற்றோர் 11 விழுக்காடு என்று அவர்கள் கண்டார்கள். உண்மை அளவு 7.1க்கும் 14.9க்கும் இடையில் இருக்கலாம் என்றும் சேர்த்தே அறிவித்தார்கள். இவ்விடைவெளி ஆய்வாளரின் தயக்கமன்று, அவரது நேர்மை. ஒரு பகுதியினரை மட்டும் பார்த்து முழுமையைப் பற்றிப் பேசுகின்றோம் என்னும் ஒப்புதல் அது. பார்க்கப்படுவோர் நான்கு மடங்கானால் அவ்விடைவெளி ஏறக்குறையப் பாதியாகக் குறுகும்.

ஆண் மகவை எதிர்பார்த்திருக்கப் பெண் மகவு பிறந்தமை, மாமியாருடனும் பெற்றோருடனும் உறவில் இடர்ப்பாடு, குறைந்த வருவாய், ஒத்தாசைக்கு ஆளின்மை ஆகியவை சோர்வோடு சேர்ந்து காணப்பட்டன. சேர்ந்து காணப்படுவது வேறு. காரணமாக இருப்பது வேறு. மாமியாரின் கடுமை மருமகளைச் சோர்வுறச் செய்திருக்கலாம். சோர்வுற்றவருக்கு எல்லாருடைய சொல்லும் கடுமையாகத் தோன்றியிருக்கலாம். வறுமை இரண்டையும் விளைவித்திருக்கலாம். எனினும் இவ்வேறுபாட்டைக் காட்டி, பெண் குழந்தையைப் பெற்ற தாயை முகஞ்சுளித்து வரவேற்கும் நம் இல்லங்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

அடுத்து வந்த இரு ஆய்வுகள் நெஞ்சை உலுக்குபவை. 1994 முதல் 1999 வரை கணியம்பாடியில் நிகழ்ந்த தற்கொலைகளின் விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 95.2 என்று 2003இல் ஆபிரகாம் ஜோசப்பும் அவர்தம் குழுவினரும் அறிவித்தார்கள். அக்காலத்தில் அரசுப் பதிவேடுகள் காட்டிய தேசிய விகிதமோ 11 அளவில்தான் இருந்தது. 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு, 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுகளில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களிடையே அவ்விகிதம் 148 என்றும், ஆண்களிடையே 58 என்றும் காட்டியது.

இத்துணை வேறுபாடு எங்கிருந்து வந்தது? எண்ணிய முறையிலிருந்தே அதன் பெரும்பகுதி வந்தது. அரசின் கணக்கு காவல்துறைப் பதிவை நம்பியது. தற்கொலை முயற்சி அன்று தண்டனைக்குரிய குற்றம். வழக்குக்கும் அவப்பெயருக்கும் அஞ்சிய குடும்பங்கள் விபத்தென்றும் வயிற்றுவலியென்றும் கூறின. வேலூர்க் குழுவினரோ ஊரிலேயே பணியாற்றும் நலப்பணியாளர்களைக் கொண்டு இறப்புச் செய்தியைப் பெற்று, உறவினரிடம் பரிவோடு விசாரித்து, காரணத்தைச் சரிபார்த்தார்கள். 'வாய்மொழி இறப்பு விசாரணை' எனப்படும் இம்முறையும் சாட்சியத்தை எடைபோடும் கலையே. அச்சமுள்ள இடத்தில் சாட்சி மௌனமாகின்றது. நம்பிக்கையுள்ள இடத்தில் அது பேசுகின்றது.

அப்படியாயின் கணியம்பாடியின் விகிதத்தை ஒடுகத்தூருக்கும் உரியதாகக் கொள்ளலாமா? கூடாது. இரண்டும் ஒரே மாவட்டத்தின் பகுதிகளாயினும், ஓர் ஒன்றியத்தில் கண்டது மற்றோர் ஒன்றியத்துக்குத் தானே பொருந்திவிடாது. மலைமக்களின் வாழ்க்கைமுறையும் மருத்துவமனைக்குள்ள தொலைவும் வேறு. மலைச் சிற்றூர்களில் வேறோர் இடரும் உண்டு. 500 பேர் வாழும் ஓர் ஊரில் ஓராண்டு ஓர் உயிர் பிரிந்தால் விகிதம் லட்சத்துக்கு 200 ஆகும்; அடுத்த ஆண்டு சுழியமாகும். இவ்விரு எண்களும் அவ்வூரின் நிலையை உணர்த்தா. பல ஊர்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் எண்ணினால் மட்டுமே உண்மை புலப்படும். ஆகவே கணியம்பாடி ஆய்வு ஒடுகத்தூருக்கு அளிப்பது விடையன்று, எண்ணும் வழி.

சட்டமும் பின்னர் மாறியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதி அரசு அவருக்குப் பராமரிப்பு அளிக்க வேண்டும் என்று விதித்தது. 2022இல் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் எவரும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆயினும் சட்டம் நீக்கிய அச்சத்தைச் சமூகம் இன்னும் நீக்கவில்லை. நம் மஹல்லாக்களிலும் இத்தகைய துயரம் நேரும்போது அதனை மூடி மறைப்பதே குடும்பத்தின் மானம் காக்கும் வழி என்று எண்ணுகின்றோம். மறைக்கப்படும் ஒவ்வொரு துயரமும் கணக்கிலிருந்து விடுபடுகின்றது. கணக்கில் இல்லாத துயரத்துக்கு மருத்துவரும் வருவதில்லை, நிதியும் வருவதில்லை. 95.2 என்னும் எண்ணுக்குப் பின்னால் ஆண்டுதோறும் ஏறக்குறைய நூறு இல்லங்கள் இருந்தன. அவர்களைச் சரியாக எண்ணுவது, அவர்களுக்குச் செய்யத் தவறிய கடமையின் முதற்படியாகும்.