பெர்லின் மெத்தனால் சாவுகளும் ரோசா லக்சம்பர்க்கும்

கொஞ்சம் நீளமான இழை. நைட் டியூட்டி முடிச்ச கையோட எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

பெர்லின், 1911 கிறிஸ்துமஸ் சமயம். வீடில்லாதவங்க ராத்திரி வந்து படுக்க மாநகராட்சி நடத்துன விடுதி ஒண்ணு அங்கே இருந்தது. ஊரே பண்டிகையில இருக்கும்போது அந்த விடுதியில ஒருத்தர் பின்னால ஒருத்தரா சுருண்டு விழ ஆரம்பிச்சாங்க. சில நாளில் டஜன்கணக்கில் சாவு. கெட்டுப்போன மீன்தான் காரணம்னு முதல்ல சந்தேகம். கடைசியில பார்த்தா மலிவுச் சாராயத்தில் மெத்தனால்.

மெத்தனால் அப்படியே இருந்தா பெரிய ஆபத்து இல்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடா மாத்தி, அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாத்துது. கண் நரம்பைக் கொல்றது அந்த அமிலம்தான். அதுக்குப் பல மணி நேரம் ஆகும். அதனாலதான் ராத்திரி குடிச்சவர் நல்லாத் தூங்கி எழுந்து, மறுநாள் "கண்ணுல பனி மூட்டமா இருக்கு சார்"னு வருவார். மருந்து என்ன தெரியுமா? நல்ல சாராயம், அதாவது எத்தனால். கல்லீரலை அந்த வேலையில் பிடிச்சு வெச்சா, மெத்தனால் அமிலமா மாறாம மெதுவா வெளியேறும். ஃபோமெபிசோல் இருந்தா இன்னும் நல்லது. கூடவே பைகார்பனேட், டயாலிசிஸ்.

எனக்கு இப்படி ஒரு நோயாளி. மூட்டை தூக்குறவர், நாற்பது வயசு இருக்கும். பிழைச்சிட்டார், பார்வை போயிடுச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி, "வேலைக்கு எப்ப சார் போலாம்?"

பெர்லின் சாவுகள் பற்றி 1912 ஜனவரி 1-ம் தேதி, கிளாரா ஜெட்கின் ஆசிரியராக இருந்த உழைக்கும் பெண்களுக்கான பத்திரிகையில் ரோசா லக்சம்பர்க் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் டாக்டர்தான், ஆனா ஊசி போடற டாக்டர் இல்லை. சூரிச்சில் போலந்தின் தொழில் வளர்ச்சி பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். அவர் சொன்னதன் சாரம் எங்க ஆளுங்களுக்குச் சுருக்குன்னு குத்தும்: டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் கிருமி தேடட்டும், ஆனா இவங்களைக் கொன்ற விஷம் இந்த முதலாளித்துவ அமைப்புதான். வேலை போனா, நோய் வந்தா, வயசானா, எந்தத் தொழிலாளியும் அந்த விடுதிக்கு ஓரடி தூரத்தில்தான் இருக்கார் என்றார்.

நம்ம ஊர்க் கதையும் உங்களுக்குத் தெரியும். 2024 ஜூன், கள்ளக்குறிச்சி. அறுபதுக்கும் மேல் சாவு. நிவாரணம், அதிகாரிகள் மீது நடவடிக்கை, விசாரணை ஆணையம், தண்டனையைக் கூட்டி சட்டத்திருத்தம். எதையும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நாள் முழுக்க மூட்டை தூக்கிட்டு, உடம்பு வலிக்கு இருக்கிறதிலேயே மலிவான பாக்கெட்டை வாங்குற கூலிக்காரர் வாழ்க்கையில இதெல்லாம் என்ன மாத்துச்சு?

"அப்போ சீர்திருத்தமே வேண்டாமா டாக்டர்?" இந்தக் கேள்விக்கு ரோசா 1899-லேயே புத்தகம் போட்டுட்டார். தலைப்பே சீர்திருத்தமா புரட்சியா என்பதுதான். நிறைய பேர் தலைப்போட நின்னுடறாங்க. உள்ளே அவர் சீர்திருத்தத்தை எதிர்க்கவே இல்லை. கூலிக்கும் உரிமைக்கும் தினசரி போராடணும், ஆனா அதையே இலக்குன்னு நினைச்சா வேற ஊருக்குப் போற பஸ்ஸில் ஏறிட்டோம்னு அர்த்தம், இதுதான் வாதம். எத்தனால் டிரிப்பைக் கழற்றச் சொல்லலை. சாராயம் எங்கிருந்து வருதுன்னு கேட்கச் சொல்றார்.

சீர்திருத்தமே எப்படி வந்ததுன்னும் பாருங்க. தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவக் காப்பீட்டை 1883-ல் கொண்டுவந்தது பிஸ்மார்க். சோசலிஸ்ட் எல்லாம் இல்லை, 1878-லேயே சோசலிஸ்ட் அமைப்புகளைத் தடை செய்தவர்! ஒரு கையில் தடி, ஒரு கையில் மருந்துச்சீட்டு. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி கட்டணும், ஒரு பங்கு முதலாளி. புரட்சி பயம் இல்லாம இருந்திருந்தா அந்த ஒரு பங்கும் வந்திருக்காதுங்கிறது என் கருத்து.

ரோசாவின் கட்டுரை வந்த அதே மாதம் தேர்தல். அவருடைய சமூக ஜனநாயகக் கட்சி 110 இடம், சுமார் 35 சதவீத ஓட்டு, நாடாளுமன்றத்திலேயே பெரிய கட்சி. என்ன பிரயோஜனம்? பிரதமரை நியமிக்கிறது கெய்சர். பெண்களுக்கு ஓட்டே கிடையாது. இரண்டே வருஷத்தில், 1914 ஆகஸ்ட் 4 அன்று, அதே கட்சி முதல் உலகப்போர்ச் செலவுக்குக் கை தூக்கியது. பதினாலு பேர் உள்கூட்டத்தில் எதிர்த்தாங்க, சபையில் அவங்களும் கட்டுப்பட்டாங்க. கெட்டவங்கன்னு சொல்லலை. சங்கம், கட்டடம், பத்திரிகை, சம்பளம்னு காப்பாத்திக்க நிறைய சேர்ந்துபோச்சு.

இப்போ 1918 நவம்பர். கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம், 9-ம் தேதி கெய்சர் போயாச்சு. 12-ம் தேதியே பெண்களுக்கு ஓட்டுரிமை, எட்டு மணி நேர வேலை என்று அறிவிப்பு. பல வருஷமா நாடாளுமன்றத்தில் கேட்டுக் கிடைக்காதது, தெரு எழுந்த சில நாளில் கிடைச்சது. ஆனா சுரங்கம், வங்கி, ராணுவ அதிகாரிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தாங்க. 1923 டிசம்பரில் அந்த எட்டு மணி நேரத்திலேயே பெரிய ஓட்டை போட்டாங்க. ஆன்டிபயாடிக் கோர்ஸைப் பாதியில் நிறுத்தின கதை.

ரஷ்யாவைக் கேட்பீங்க, நியாயம்தான். புரட்சிக்குப் பிறகு அங்கே எதிர்க்கருத்து நசுக்கப்படுவதை 1918-ல் சிறையில் இருந்துகொண்டே கடுமையாகக் கண்டித்து எழுதியவரும் இதே ரோசாதான். மாற்றுக் கருத்துக்காரனுக்கும் இருந்தால்தான் அது சுதந்திரம் என்றார். அந்தப் புரட்சியின் ஆதரவாளராக இருந்துகொண்டே சொன்னார்.

1919 ஜனவரி 15 அன்று, அவருடைய பழைய கட்சிக்காரர்களின் அரசு கூப்பிட்டு வெச்சிருந்த படை அவரைக் கொன்று கால்வாயில் வீசியது. உடல் கிடைக்க நாலு மாசத்துக்கு மேல் ஆச்சு. கொலை நடந்து நாலாம் நாள் தேசியத் தேர்தல். ஜெர்மன் பெண்கள் முதல் தடவை வரிசையில் நின்னு ஓட்டுப் போட்டாங்க.

மாற்றுக்கருத்து இருந்தா எழுதுங்க, தூங்கி எழுந்து பதில் சொல்றேன்.